பாதியில் வெட்டி நீட்டப்பட்ட கப்பல்: 'சூப்பர்ஸ்டார் ஜெமினி' கதை தெரியுமா?

2020, கோவிட்-19 காலம். மரினா பே சொகுசுக் கப்பல் நிலையத்தில் 2 கப்பல்கள் வந்து நின்றன.

ஏறியவர்கள் சுற்றுப்பயணிகள் அல்லர். கிருமித்தொற்றிலிருந்து குணமடைந்த வெளிநாட்டு ஊழியர்கள்.

அந்தக் கப்பல்களில் ஒன்று 'சூப்பர்ஸ்டார் ஜெமினி'. அதற்கு முன்னால் அது கடந்துவந்த பாதை இன்னும் சுவாரஸ்யம்!

எங்கே பிறந்தது?

பிரான்சின் செயின்-நசேர் நகரில் கட்டப்பட்டு, 1992இல் நார்வீஜியன் குரூஸ் லைன் நிறுவனத்தில் சேர்ந்தது. அப்போ அதன் பெயர் 'டிரீம்வர்ட்'. நீளம் சுமார் 190 மீட்டர்.

பின்பகுதித் தளங்கள் படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக அமைந்திருந்தன. அதனால், கடலைப் பார்த்தபடி உட்கார நிறைய பேருக்கு இடம் கிடைத்தது.

கப்பலை நீட்ட முடியுமா?

முடியும்! 1998இல் ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில் அதைத்தான் செய்தார்கள்.

- கப்பலை நடுவில் இரண்டாக வெட்டினர்.
- முன்கூட்டியே கட்டிவைத்த 40 மீட்டர் நீளப் பகுதியை இடையில் வைத்தனர்.
- இரும்புத் தகடு, குழாய், மின்கம்பி எல்லாவற்றையும் மறுபடி இணைத்தனர்.

புதுக் கப்பல் கட்டுவதைவிட இதற்குச் செலவும் நேரமும் குறைவு. கூடுதலாகச் சுமார் 500 பேர் பயணம் செய்யலாம். பெயரும் 'நார்வீஜியன் டிரீம்' என மாறியது.

இன்னொரு விஷயம்: புகைபோக்கியின் மேல்பகுதியை மடக்கலாம். ஜெர்மனியின் கீல் கால்வாயில் உள்ள பாலங்களுக்குக் கீழே நுழைந்து போகத்தான் இந்த ஏற்பாடு.

'நடுத்தர அளவு' என்றால்?

கப்பலின் அளவை 'மொத்த டன்' கணக்கில் சொல்வார்கள். இது எடை இல்லைங்க. கப்பலுக்குள் இருக்கும் இடத்தின் அளவு.

நீட்டிய பிறகு இந்தக் கப்பல் சுமார் 50,000 மொத்த டன். 'கெந்திங் டிரீம்' கப்பல் சுமார் 150,000. அதாவது 3 மடங்கு!

தப்பிப் பிழைத்தது

1999 ஆகஸ்ட் 24. ஆங்கிலக் கால்வாய்ப் பகுதியில் 'எவர் டீசண்ட்' என்ற சரக்குக் கப்பலுடன் மோதியது. கப்பலின் முன்பகுதி நசுங்கியது. சரக்குக் கப்பலில் தீ மூண்டது. நல்ல வேளை, யாரும் உயிரிழக்கவில்லை.

சிங்கப்பூருக்கு எப்படி வந்தது?

2000இல் கெந்திங் குழுமத்தின் ஸ்டார் குரூசஸ், நார்வீஜியன் நிறுவனத்தை வாங்கியது. 2013இல் கப்பல் 'சூப்பர்ஸ்டார் ஜெமினி' என்ற பெயரில் இங்கிருந்து புறப்படத் தொடங்கியது.

ஊழியர்களை ஏன் கப்பலில் தங்கவைத்தார்கள்?

விடுதிகளில் பலர் ஓர் அறையையும் குளியலறையையும் பகிர்ந்துகொண்டனர். குணமடைந்தவரை உடனே அங்கே திருப்பி அனுப்புவது சிரமம். சிகிச்சை இடங்களிலும் அடுத்தவருக்குப் படுக்கை தேவை.

கப்பல் அறைகளோ சிறியவை. ஆனால் ஒவ்வொன்றிலும் சொந்தக் குளியலறை இருக்கும். பயணிகள் இல்லாமல் காலியாகவும் கிடந்தன.

"கப்பலில் கிருமி பரவாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஜப்பானில் 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பலில் 700க்கும் அதிகமானோருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. அதில் தொற்று உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே கப்பலில் இருந்தார்கள். இங்கேயோ, குணமடைந்தவர்கள் மட்டுமே ஏற்றப்பட்டனர். அதுதான் வித்தியாசம்.

பிறகு என்ன ஆனது?

பயணம் நின்றால் வருமானமும் நின்றுபோகும். 2022இல் கெந்திங் ஹாங்காங் நிறுவனம் நொடித்துப்போனது. அதே ஆண்டில் ஜெமினியும் உடைப்புக்குப் போனது.

30 ஆண்டுகள், 3 பெயர்கள். உல்லாசத்துக்காகக் கட்டப்பட்ட கப்பல் அது. ஆனால் வீட்டைவிட்டு வெகுதூரம் வந்து உழைத்த பலருக்கு, கஷ்டமான நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்க ஓர் அறை கொடுத்தது.