சொல் பிறக்கும் வாயைக் காப்போம்

தமிழ் இலக்கண நூலார் எழுத்துகள் பிறக்கும் இடங்களை வரையறுத்துக் கூறியுள்ளனர். இதழ், நா, பல், அண்ணம் ஆகிய உறுப்புகளின் முயற்சியால் எழுத்தொலிகள் பிறக்கின்றன. இதழ்கள் இரண்டும் பொருந்தாமல் ‘அம்மா’ என்னும் சொல்லைக் கூற இயலாது. நாவின் நுனி மேற்பல்லின் அடியைத் தொடாமல் ‘தந்தை’ என்னும் சொல் பிறவாது. வாய்ப்புற்றுநோய் தாக்குவது இவ்வுறுப்புகளையே. முற்றிய நிலையில் நாவின் ஒரு பகுதியையோ தாடையையோ அகற்ற நேரிடுகிறது. ஆகவே அந்நோய் உயிரோடு உணவையும் பேச்சையும் பறிக்கக் கூடியது.

நாட்டின் நிலை

2020ஆம் ஆண்டிற்கான பன்னாட்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 1,36,000 பேருக்கு உதடு, வாய் ஆகியவற்றில் புற்றுநோய் புதிதாக ஏற்பட்டது. இந்திய ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. இதற்கான காரணத்தை மற்றொரு கணக்கெடுப்பு புலப்படுத்துகிறது. 2016–17இல் நாடு முழுவதும் நடைபெற்ற ஆய்வில், வயது வந்தோருள் 28.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துவது தெரியவந்தது. புகைப்போர் 10.7 விழுக்காட்டினர், புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துவோரோ 21.4 விழுக்காட்டினர்.

வட மாநிலங்களில் கைனி, மகாராட்டிரத்தில் மிஸ்ரி, கிழக்குப் பகுதிகளில் குல், எங்கும் குட்கா, ஜர்தா பீடா எனப் பெயர்கள் பலவாயினும் பொருள் ஒன்றே. மெல்லும் புகையிலை கன்னத்திற்கும் ஈறுக்கும் இடையே நெடுநேரம் அடக்கி வைக்கப்படுகிறது. அவ்விடத்திலேயே இந்தியர் பலருக்குப் புற்று தோன்றுகிறது. திருவிதாங்கூர்ப் பகுதியாக அன்றிருந்த நெய்யூரில் பணியாற்றிய ஐ. எம். ஆர் என்னும் மருத்துவர், வெற்றிலை பாக்குடன் புகையிலை மெல்லுவோரின் வாய்ப்புற்று குறித்து 1933ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழில் எழுதினார். நெய்யூர் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது.

புகையிலை செய்யும் கேடு

வாயின் உட்புறத்தை மெல்லிய தோல் போர்த்தியுள்ளது. அதன் உயிரணுக்கள் தேய்ந்து உதிர, புதியன தொடர்ந்து தோன்றுகின்றன. புகையிலையில் உள்ள நைட்ரோசமைன் என்னும் வேதிப்பொருள்கள் அவ்வுயிரணுக்களின் மரபுப்பொருளைச் சிதைக்கின்றன. உடல் அச்சிதைவைச் சரிசெய்ய முயல்கிறது. ஆயினும் நாள்தோறும் தாக்குதல் தொடர்ந்தால் சில சிதைவுகள் சரிசெய்யப்படாமல் நிலைத்துவிடுகின்றன. அவ்வாறு பழுதுற்ற உயிரணு கட்டுப்பாடின்றிப் பெருகுவதே புற்றுநோய். பீடி, சிகரெட் ஆகியவற்றின் புகையிலும் புற்றை உண்டாக்கும் பொருள்கள் எழுபதுக்குக் குறையாமல் உள்ளன.

‘புகையிலை கலவாதது’ என விற்கப்படும் பான் மசாலா தீங்கற்றது எனச் சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. அதிலுள்ள பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. பாக்கைத் தொடர்ந்து மெல்லுவோருக்குக் கன்னத்தின் உட்தசை நார்போல் இறுகி, வாயைத் திறக்கும் அளவு சிறிது சிறிதாகக் குறைகிறது. இந்நிலை பின்னர்ப் புற்றாக மாறவும் கூடும்.

மதுவும் புகையிலையும் சேரும்போது

பீர், ஒயின், விஸ்கி, சாராயம் ஆகிய எல்லாவற்றிலும் உள்ள மது எத்தனால் என்னும் ஒரே பொருளே. அது உடலிலும், வாயில் வாழும் நுண்ணுயிரிகளாலும் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சாக மாற்றப்படுகிறது. இந்நச்சும் மரபுப்பொருளைச் சிதைக்கிறது. மேலும், மது வாயின் மென்தோலை ஊடுருவல் மிக்கதாக்குவதால் புகையிலையின் நஞ்சு எளிதில் உட்புகுகிறது. ஒன்று கதவைத் திறக்க, மற்றொன்று உள்ளே நுழைகிறது.

இதனால், இரண்டையும் பயன்படுத்துவோரின் இடர் இரண்டின் கூட்டுத்தொகையாக நில்லாமல் பெருக்குத்தொகையைப்போல் உயர்கிறது. அமெரிக்காவில் 1988இல் வெளியான ஆய்வு ஒன்று இதனை எண்களால் காட்டியது. நாளொன்றுக்கு இரண்டு பெட்டி அல்லது அதற்கு மேல் சிகரெட்டும் நான்கு கோப்பைக்கு மேல் மதுவும் பயன்படுத்தியோருக்கு, இரண்டையும் தொடாதவரைவிட வாய், தொண்டைப் புற்றின் இடர் 35 மடங்குக்கும் மேல் இருந்தது.

அறிகுறிகளும் சோதனையும்

இந்நோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. அதனாலேயே பலர் காலந்தாழ்த்தி மருத்துவரை நாடுகின்றனர். வாயில் வெண்மையான அல்லது செந்நிறமான படலம், இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், காரணமின்றித் தோன்றும் கட்டி, மூன்று விரல்களை நெடுக்காக நுழைக்க இயலாத அளவுக்கு வாய் இறுகுதல் ஆகியவற்றுள் எது காணப்பட்டாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் ஓர் ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடுதோறும் சென்று, 35 வயதைக் கடந்தோரின் வாயைக் கண்ணால் பார்த்தே சோதித்தனர். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. புகையிலை அல்லது மதுப் பழக்கம் உடையோரிடையே, சோதிக்கப்பட்ட பகுதிகளில் வாய்ப்புற்றால் நேர்ந்த இறப்பு 34 விழுக்காடு குறைந்திருந்ததை 2005இல் வெளியான முடிவு காட்டியது.

விடுதலைக்கு வழி

18 வயது நிறையாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்பதையும், கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத் தொலைவுக்குள் விற்பதையும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பழக்கத்திற்கு ஆட்பட்டோரைப் பழிப்பதால் பயனில்லை. நிக்கோட்டின் அவர்களைப் பிணித்துள்ளது. அவர்களுக்கு வேண்டியது துணை. 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தேசியத் தொலைபேசி எண்ணில் புகையிலையைக் கைவிட ஆலோசனை கிடைக்கும். எந்த வயதில் விட்டாலும் நன்மை உண்டு. விட்ட ஆண்டுகள் கூடக்கூட இடர் குறைந்துகொண்டே வரும். வீட்டில் ஒரு பிள்ளை அன்போடு நினைவூட்டும் சொல், பெரியவர் ஒருவரின் சொல்லைக் காப்பாற்றக் கூடும்.

அருஞ்சொற்பொருள்

அண்ணம் – வாயின் மேற்பகுதி
இடர் – துன்பம் நேரும் வாய்ப்பு
பிணித்தல் – கட்டுதல்
விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு என்னும் அளவு

வினாக்கள்

1. ‘அம்மா’, ‘தந்தை’ ஆகிய சொற்களை ஒலிக்க உதவும் உறுப்புகள் யாவை?
2. புகையிலை கலவாத பான் மசாலாவும் தீங்கானதே. ஏன்?
3. மதுவும் புகையிலையும் சேரும்போது இடர் பன்மடங்காவது எவ்வாறு?
4. புகையிலைப் பழக்கமுடைய உறவினர் ஒருவருக்கு, அவர் மனம் புண்படாவண்ணம் பத்து வரிகளில் கடிதம் எழுதுக.