ஒரு கார்பன், இரண்டு கார்பன்

மெத்தனால், எத்தனால். எழுத்தில் ஒரு ‘ம்’ கூடுதல். அணுக்கணக்கில் ஒரு கார்பன் குறைவு. கல்வராயன் மலையில் வெல்லமும் வேலம்பட்டையும் ஊறல் போட்டுக் காய்ச்சினால் இறங்குவது எத்தனால், இரண்டு கார்பன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற சாராயத்தில் கலந்திருந்தது, ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனால்.

அந்த ஒரு கார்பன் என்ன செய்கிறது என்று புரிய, முதலில் அதன் பிணைப்புக் கணக்கு. கார்பனின் இணைதிறன் நான்கு என்று பத்தாம் வகுப்புப் பிள்ளை தூக்கத்திலும் சொல்லும். எலக்ட்ரான்களை எண்ணினால்தான் இடிக்கும். மொத்தம் 6. உள்கூட்டில் 2 அடங்கிவிடும். வெளிக்கூட்டின் எஸ் ஆர்பிட்டாலில் 2 ஜோடியாக இருக்கும். மூன்று பி ஆர்பிட்டால்களில் இரண்டில் மட்டும் ஒவ்வொன்று, மூன்றாவது காலி. சகப்பிணைப்புக்குக் கொடுக்கத் தனி எலக்ட்ரான் வேண்டும். அப்படியானால் கார்பன் இரண்டே ஹைட்ரஜனோடு நின்றிருக்க வேண்டும்! ‘நான்கு கை’ என்று சொல்லிக்கொடுப்பவர்கள் தாண்டிப் போவது இந்த இடத்தைத்தான்.

ஜோடியில் ஒன்று காலி இடத்துக்கு ஏறுகிறது. ஏற ஆற்றல் செலவாகும். ஆனால் கூடுதலாக இரண்டு பிணைப்பு கிடைக்கும். கரணைக்கும் உரத்துக்கும் போட்ட பணம் கரும்பு வெட்டில் திரும்புவதுபோல, செலவுக்கு மேல் வரவு. நான்கு ஆர்பிட்டால்களும் கலந்து ஒரே தரமாகி, 109.5 பாகை விலகி, நான்முகியாக நிற்கும். இந்த இனக்கலப்பை 1931-இல் விளக்கியவர் லைனஸ் பாலிங். படிப்படியாக நடப்பதுபோலச் சொன்னாலும், கணக்குப் புரிவதற்கான வரிசைதான் இது.

மெத்தனாலின் கார்பன் மூன்றை ஹைட்ரஜனுக்கும் ஒன்றை ஆக்சிஜனுக்கும் கொடுத்துத் தீர்த்துவிடுகிறது. எத்தனாலில் ஒரு பிணைப்பு இன்னொரு கார்பனுக்குப் போகிறது. கல்லீரல் நொதி இந்த இரண்டையும் பிடிக்கும். எத்தனால் கடைசியில் வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலமாகும். உடல் அதை எரித்துவிடும். மெத்தனால் ஃபார்மால்டிஹைடாகி, பிறகு ஃபார்மிக் அமிலமாகும். சில எறும்புகள் கடித்தால் சுருக்கென்று எரிகிறதே, அதே அமிலம். இப்போதும் அந்தக் கார்பனுக்கு நான்கு பிணைப்புதான், ஆனால் அவற்றில் மூன்று ஆக்சிஜனோடு. உடலால் இதைச் சீக்கிரம் அகற்ற முடியாது. தேங்கிய அமிலம், செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதையே தடுக்கும். பார்வை நரம்பு கெட்டுக் கண் மங்கும்.

மருத்துவமனையில் ஃபோமெபிசோல் ஏற்றுவது அந்த நொதியை அடைக்கத்தான். அந்த மருந்து இல்லாத இடத்தில் மருத்துவர்கள் எத்தனாலையே அளந்து கொடுப்பதும் உண்டு. நொதி இரண்டு கார்பனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, ஒற்றைக் கார்பன் அமிலமாகாமலே மூச்சிலும் டயாலிசிஸிலும் வெளியேறிவிடும்.