ஊர்ப்பணியும் பெருங்கொடையும்

குடிநீர், தெருவிளக்கு, பள்ளி, மருத்துவமனை, நூலகம் ஆகியவை ஓர் ஊருக்கு இன்றியமையாதவை. இவற்றைப் பேணுதற்கு வேண்டும் பொருள் பெரும்பாலும் மக்கள் செலுத்தும் வரியிலிருந்தே வருகின்றது. வரி போதாதவிடத்துச் செல்வரும் தொழில் நிறுவனங்களும் நன்கொடை நல்குவதுண்டு. அக்கொடை வரியின் இடத்தை நிரப்பவல்லதா? ஆன்ட்ரூ கார்னகி என்பாரின் வரலாறு இவ்வினாவிற்கு விடை கூறும்.

கார்னகி 1835ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டில் நெசவாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1848இல் அவர் குடும்பம் வறுமையால் அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்தது. அங்கே அச்சிறுவர் பஞ்சாலையில் வேலைக்கு அமர்ந்தார். கற்கும் வேட்கை மிகுந்திருந்தும் நூல் வாங்கப் பொருளில்லை. அந்நகரில் வாழ்ந்த ஆண்டர்சன் என்னும் பெரியார், தம்மிடமிருந்த ஏறத்தாழ 400 நூல்களை உழைக்கும் சிறுவர்க்கு இரவலாக அளித்து வந்தார். அந்நன்றியைக் கார்னகி மறந்தாரல்லர். எஃகுத் தொழிலால் பெருஞ்செல்வரானபின் நூலகங்கள் அமைக்கப் பொருளை வாரி வழங்கினார். 1883 முதல் 1929 வரை, அவரும் அவர் நிறுவிய அறநிலையமும் அளித்த கொடையால் 2,500க்கு மேற்பட்ட நூலகங்கள் எழுந்தன.

அக்கொடையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. நூலகம் வேண்டிய ஊர், அதற்குரிய நிலத்தைத் தானே தருதல் வேண்டும். கட்டடத்திற்கு ஆகும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் நூலகத்திற்குச் செலவிட உறுதி கூறுதலும் வேண்டும். கட்டடத்திற்கு 10,000 டாலர் பெற்ற ஊர், ஆண்டுதோறும் 1,000 டாலரை வரிப்பணத்தினின்று ஒதுக்க வேண்டும். கட்டடம் ஒரு முறை எழுப்பப்படுவது. நூல் வாங்குதலும் நூலகர்க்கு ஊதியம் அளித்தலும் என்றும் உள்ள செலவுகள். இவ்வேறுபாட்டைக் கார்னகி நன்கு உணர்ந்திருந்தார். வாக்களித்த தொகையைச் செலவிடத் தவறிய ஊர்களில் நூலகம் நலிவுற்றது.

ஆயினும் அக்கொடையை எல்லாரும் வரவேற்றிலர். 1892இல் ஹோம்ஸ்டெட் என்னும் ஊரிலிருந்த அவருடைய எஃகு ஆலையில் ஊதியத்தைப் பற்றிப் பெரும்பூசல் மூண்டு, உயிர்கள் பல மாய்ந்தன. 1898இல் அவ்வூரிலும் அவரது கொடையால் நூலகம் திறக்கப்பட்டது. நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம் உழைப்பவர்க்குப் படிக்கப் பொழுது ஏது எனத் தொழிலாளர் வினவினர். கொடை வேண்டா என மறுத்த ஊர்களும் இருந்தன. கொடுப்பவர் தாம் விரும்பியதைக் கொடுப்பர்; பெறுபவர்க்கு வேண்டுவது பிறிதொன்றாக இருத்தலும் கூடும்.

இந்திய நாடு இத்தகைய உதவியைச் சட்டத்தின் வாயிலாகவே முறைப்படுத்தியது. 2013ஆம் ஆண்டின் நிறுமங்கள் சட்டம், பெருநிறுவனங்கள் தம் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு 2 பங்கினைக் கல்வி, நலவாழ்வு முதலிய சமுதாயப் பணிகளுக்குச் செலவிடல் வேண்டும் என விதித்தது. இவ்விதி 2014ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இதனால் பள்ளிகள் பல புதிய வகுப்பறைகளும் கழிப்பறைகளும் பெற்றன. எனினும், நிறுவனம் தான் தொழில் நடத்தும் வட்டாரத்திற்கு முதலிடம் தருதல் வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதியாதலின், ஆலைகள் மிகுந்த மாநிலங்களுக்கே பெரும்பொருள் சென்றது. ஆலையில்லாச் சிற்றூர்கள் பல பின்தங்கின. இலாபம் குறைந்தால் இத்தொகையும் குறையும். ஆனால் குடிநீரின் தேவையோ ஒருநாளும் குறைவதில்லை.

கொடை மழை போன்றது. வரி ஊற்றுப் போன்றது. மழை பெய்யும்போது மகிழ்ந்து ஏற்றல் வேண்டும்; மழையை நம்பி ஊற்றைத் தூர்த்தல் ஆகாது. கொடையால் எழுந்த பள்ளியும் நூலகமும் நிலைபெற வேண்டுமாயின், ஊரார் தம் வரியைத் தவறாது செலுத்துதல் வேண்டும். அது செவ்வனே செலவிடப்படுகின்றதா என வினவுதலும் வேண்டும். ஊர்ப்பணி ஊரார் அனைவரின் கடமையாகும்.