மலை மண்ணை அள்ளிப் போகும் முன்

தொண்டைப் புண்ணுக்கும் நெஞ்சுச் சளிக்கும் டாக்டர்கள் பல்லாண்டுகளாக எழுதித் தந்த எரித்ரோமைசின் மாத்திரை, பிலிப்பைன்ஸ் நாட்டு மண்ணிலிருந்து வந்தது. 1949-இல் இலோய்லோவில் இருந்த அபெலார்டோ அகிலார் என்ற மருத்துவர், தான் வேலை பார்த்த எலை லில்லி என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்துக்கு மண் மாதிரிகளை அனுப்பினார். அந்த மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரை ஆய்வகத்தில் வளர்த்தார்கள். அது சுரந்த பொருளே மருந்தாயிற்று. 1952-இல் கடைக்கு வந்த மருந்துக்கு ஊர்ப் பெயரை ஒட்டி 'ஐலோடைசின்' என்று பெயரும் வைத்தார்கள். ஊருக்குப் பெயர்தான் மிச்சம். 1993-இல் இறக்கும்வரை அகிலாருக்கும் ராயல்டி கிடைக்கவில்லை. இன்று எந்த மெடிக்கலிலும் கிடைக்கும் அஸித்ரோமைசினும் அதே மூலக்கூறை மாற்றி அமைத்துச் செய்ததுதான்.

பிலிப்பைன்ஸ் கதை நமக்கெதற்கு என்று ஏற்காட்டுக்காரர்கள் ஒதுக்கிவிட முடியாது. சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் சில்வர் ஓக் நிழலில் காப்பியும் மிளகும் வளர்கின்றன. ஒருபக்கம் சோலைக்காடு, இன்னொரு பக்கம் பாக்சைட் வெட்டியெடுத்த செம்மண். இப்படி அடுத்தடுத்து மாறும் மண்ணில் விதவிதமான நுண்ணுயிர்கள் இருக்கும் என்பது நுண்ணுயிரியல் படிப்பவர்களுக்குத் தெரியும். கீழே சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் இருக்கின்றன. காலையில் மலையேறி, நாலைந்து இடத்தில் மண் எடுத்து, ஜிப் கவரில் போட்டுக்கொண்டு மாலைக்குள் இறங்கிவிடலாம். மரம் வெட்டினால் கேட்க ஆள் இருக்கிறது. மண்ணை அள்ளினால் யார் கேட்பார்கள்?

அந்தக் கவர் ஆய்வகத்துக்குப் போனதும் வேலை எளிமையாகவே தொடங்குகிறது. ஒரு கிராம் மண்ணை 9 மில்லி கிருமி நீக்கிய நீரில் கலக்கி, அதில் ஒரு மில்லியை அடுத்த குழாயின் 9 மில்லியில் விட்டு, இப்படியே பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்கிறார்கள். கடைசிச் சொட்டை அகார் ஊற்றிய பெட்ரி தட்டில் தடவி, 28 டிகிரி வெப்பத்தில் ஒரு வாரம் வைத்தால், சுண்ணாம்புத் தூள் தூவியதுபோல் வெளுத்த புள்ளிகள் முளைக்கும். தட்டில் கோடை மழையின் முதல் வாசனை இருக்கும். மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளை அந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை நுண்ணுயிர்கள்தான் சுரக்கின்றன. இயற்கையிலிருந்து கிடைத்த ஆன்டிபயாடிக்குகளில் பெரும்பகுதி இந்தக் கூட்டத்திலிருந்து வந்தவை. பிரித்தெடுத்த நுண்ணுயிரை கிளிசராலில் கலந்து மைனஸ் 80 டிகிரியில் உறைய வைத்துவிட்டால் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். அதன்பின் மலைப்பக்கம் வரவேண்டிய அவசியமே இல்லை.

இங்கேதான் சட்டம் வருகிறது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம், செடி, விலங்கோடு நுண்ணுயிரையும் உயிரியல் வளம் என்கிறது. மனித மரபணுப் பொருள் இதில் சேராது. அதைச் செயல்படுத்தும் தேசிய ஆணையம் சென்னை தரமணியில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்குத் தனி வாரியமும் உண்டு. ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு பன்மய மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். தன் எல்லைக்குள் வணிக நோக்கில் வளத்தை எடுப்பவரிடம் கட்டணம் கேட்க அந்தக் குழுவுக்கு உரிமை உண்டு. வளம் எடுக்க அனுமதி தரும் விஷயத்தில் ஆணையமும் வாரியமும் அதைக் கலந்தாலோசிக்க வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்திய மாணவர் தன் படிப்புக்காக, இங்கேயே உள்ள ஆய்வகத்தில் செய்யும் ஆய்வுக்கு ஆணையத்தின் முன் அனுமதி தேவையில்லை. காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதியும், தோட்டத்தில் எடுக்க உரிமையாளரின் சம்மதமும் இருந்தால் போதும். ஆகவே மண் எடுக்க வந்த பிள்ளைகளை மறித்து வைத்துக்கொண்டு பணம் கேட்பது உரிமை ஆகாது. நோக்கம் வணிகமாக மாறும்போதும், நுண்ணுயிர் நாட்டைவிட்டுப் போகும்போதும்தான் கணக்கு மாறுகிறது.

வெளிநாட்டவருக்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கும் ஆய்வுக்கே முன் அனுமதி வேண்டும். வருமான வரிச் சட்டப்படி வெளிநாட்டுவாழ் இந்தியராகக் கருதப்படுபவருக்கும் இதே விதிதான். லீவில் ஊருக்கு வந்த தம்பி, தான் படிக்கும் ஜெர்மனி லேபுக்கு ஒரு டப்பா மண் எடுத்துப்போவது பாசத்தில் செய்ததாக இருந்தாலும் சட்டமீறலாகிவிடலாம். பேராசிரியர்களும் ஓரிடத்தில் சிக்குவது உண்டு. புதிய பாக்டீரியா இனத்துக்குப் பெயர் வைக்க, இரண்டு நாடுகளின் சேமிப்பகங்களில் அதை ஒப்படைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. ஒன்று என்றால், மற்றொன்று வெளிநாட்டில். அங்கே அனுப்பும் முன் ஆணையத்தின் ஒப்புதல் வாங்கியாக வேண்டும்.

2023-இல் வந்த திருத்தம் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, 1 லட்சம் முதல் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று வைத்தது. பெரிய நிறுவனத்துக்கு இது பயமுறுத்தும் தொகையா என்பது சந்தேகம்தான். காப்புரிமை கேட்கும் இந்தியர், அது வழங்கப்படும் முன் ஆணையத்தில் பதிய வேண்டும். 2025 விதிமுறைப்படி ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை உள்ளவர்கள் வளத்தால் வரும் பலனில் பங்கு தர வேண்டாம். மேலே போனால் விற்பனையில் 0.2 முதல் 0.6 சதவீதம். கேட்கச் சிறிதாகத் தோன்றினாலும் கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. ராமநாதபுரம் கடலோரத்தில் வளர்ந்த கடற்பாசியை ஏற்றுமதி செய்த பெப்சி நிறுவனம் 30 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆணையத்திடம் கட்டியது. உள்நாட்டு நிறுவனங்களுக்கு இது பொருந்தாது என்று வாதாடிய திவ்யா பார்மசியின் வழக்கை, 2018 டிசம்பரில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை.

சேர்வராயன் மலையின் மலையாளி பழங்குடியினருக்கு இன்னொரு பிடிமானமும் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், வனவாழ் சமூகத்துக்குப் பன்மயம் சார்ந்த அறிவுச்சொத்தில் கூட்டுரிமை தருகிறது. எந்தச் செடியின் வேரடி மண் புண்ணுக்கு நல்லது என்று ஒரு பெரியவர் காட்டிக்கொடுத்து, அதை வைத்து ஆய்வு நடந்தால், அந்த அறிவு இலவசச் சரக்கு அல்ல.

பணத்தைத் தாண்டி உடம்புக்கும் ஆபத்து உண்டு. மெலியாய்டோசிஸ் நோயைத் தரும் பாக்டீரியா மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. 1912-இல் ரங்கூனில் அதை முதலில் விவரித்தவர்கள் ஆல்பிரெட் விட்மோரும் சி.எஸ். கிருஷ்ணசாமியும். தமிழ்நாட்டிலும் நோயாளிகள் உண்டு, வேலூர் சி.எம்.சி. பலருக்குச் சிகிச்சை தந்திருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம். சாதாரண அகாரிலேயே வளரும் என்பதுதான் சிக்கல். முளைத்தது என்னவென்று தெரியாத தட்டைத் திறந்து முகர்ந்து பார்ப்பது, பள்ளிக் கண்காட்சியில் கைமாற்றுவது, குப்பைத்தொட்டியில் போடுவது மூன்றும் கூடாது. 121 டிகிரியில் கால் மணி நேரமாவது ஆட்டோகிளேவ் செய்த பிறகே வெளியே போக வேண்டும். இந்த வசதி இல்லாத இடத்தில் மண் தட்டு வளர்க்காமல் இருப்பதே நல்லது.

ஊர்க்காரர் என்ன செய்யலாம்? ஆய்வுக் குழு வந்தால் நிறுவனக் கடிதத்தையும் வனத்துறை அனுமதியையும் பார்க்கக் கேட்கலாம். மாதிரி எங்கே வைக்கப்படும், வெளிநாட்டுக்குப் போகுமா, மரபணு வரிசை இணையத்தில் ஏறுமா என்று எழுத்தில் வாங்கலாம். வரிசை ஏறிவிட்டால் மண்ணே இல்லாமல் அந்த மரபணுவைச் செயற்கையாக உருவாக்க முடியும் என்பதால் கடைசிக் கேள்வி முக்கியம். பஞ்சாயத்தில் பன்மயக் குழு இருக்கிறதா, உறுப்பினர் யார் என்பது தெரியாவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். மீறல் என்று தோன்றினால் தேதி, இடம், ஆட்களின் நிறுவனம் மூன்றையும் குறித்து மாநில வாரியத்துக்கும் தரமணிக்கும் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அபராத உத்தரவு எதிராகப் போனால் மேல்முறையீடு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

மேலாண்மைக் குழு வைத்திருக்க வேண்டிய பதிவேடு ஒன்று உண்டு. யாருக்கு எந்த வளம் எடுக்க அனுமதி தரப்பட்டது, எவ்வளவு கட்டணம் வந்தது, பலன் எப்படிப் பகிரப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும் என்கின்றன விதிகள். அடுத்த கிராம சபையில் அதைக் கொண்டுவந்து மேசையில் வைக்கச் சொல்லலாம்.