வளர்ப்பு எலி மூச்சு வாங்கும்போது

"நேற்று ராத்திரிகூட நன்றாகத்தான் சாப்பிட்டது." வளர்ப்பு எலியைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுகிறவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கும். பாம்புக்கும் ஆந்தைக்கும் இரையாகும் பிராணி, உடம்பு முடியாததை வெளியே காட்டினால் பிழைக்காது. கூண்டில் பிறந்து நம் தோளிலேயே வளர்ந்த எலிக்கும் அந்த இயல்பு விட்டுப்போவதில்லை. அது மூச்சு வாங்குவது நம் கண்ணில் படும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். இரண்டு, மூன்று ஆண்டுகளே வாழும் உயிருக்கு ஒரு நாள் தள்ளிப்போடுவதும் பெரிய தாமதம்.

அந்த மூச்சுத் திணறலுக்குப் பின்னால் பல சமயம் இருப்பது மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ் என்ற பாக்டீரியா. தாயிடமிருந்தே குட்டிக்குத் தொற்றும். மாதக்கணக்கில் ஓசையில்லாமல் கிடந்து, வேறொரு கிருமி சேரும்போதோ உடம்பு தளரும்போதோ தலைதூக்கும். இதற்குச் செல்சுவர் கிடையாது. பென்சிலின், அமோக்சிசிலின் வகை மருந்துகளோ பாக்டீரியாவைச் சுவர் கட்டவிடாமல் செய்துதான் கொல்கின்றன. சுவரே இல்லாத கிருமியை அவை என்ன செய்யும்? வீட்டில் மீந்துகிடக்கும் ஆண்டிபயாட்டிக் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பது இதனால்தான். டாக்சிசைக்ளின், என்ரோஃபிளாக்சசின் போன்றவற்றை எலியின் எடைக்குக் கணக்குப் பார்த்து மருத்துவர் கொடுப்பார். நோய் அடங்கும், கிருமி முழுதாகப் போய்விடாது.

பினாங்கு மலைத்தொடருக்கு மேற்கே, டுரியான், ஜாதிக்காய்த் தோப்புகளும் நெல்வயல்களும் சூழ்ந்த பாலிக் புலாவின் ஈரக்காற்று இந்த நோய்க்குத் தோதானது. கம்பத்து வீடுகளில் கூண்டு விரிப்பு லேசில் காயாது. மூத்திரம் ஊறிய விரிப்பில் பாக்டீரியாக்கள் யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை வெளியேற்றும். அந்த வாயு மைக்கோபிளாஸ்மா நோயை மோசமாக்குகிறது என்பதை 1976-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நின்றபடி பார்க்கும் நமக்கு வாடை தெரியாமல் இருக்கலாம். எலியின் மூக்கு அந்த விரிப்புக்கு விரற்கடை உயரத்தில்தான் இருக்கிறது. மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் பிராணி அது. வாயைத் திறந்து மூச்சுவிடுகிறதென்றால் உயிர் ஊசலாடுகிறது.

மூக்கோரத்திலும் கண்ணோரத்திலும் சிவப்பாக ஏதாவது கண்டால் எல்லோரும் ரத்தம் என்று பதறுகிறார்கள். பெரும்பாலும் அது கண்ணுக்குப் பின்னாலுள்ள ஹார்டர் சுரப்பியிலிருந்து வரும் போர்ஃபிரின் என்ற நிறமி. ஆரோக்கியமான எலி அதை உடனுக்குடன் துடைத்துவிடும். நோயோ வலியோ பயமோ இருந்தால் சுரப்பு கூடும், துடைக்கத் தெம்பும் குறையும். கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கக் கடைகளில் வைத்திருக்கும் புறஊதா விளக்கை அதன்மேல் காட்டினால் போர்ஃபிரின் இளஞ்சிவப்பாக ஒளிரும், ரத்தம் ஒளிராது. தோப்பும் வயலும் உள்ள ஊரில் இந்த வேறுபாடு முக்கியம். எலிமருந்துகளில் பல, வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்து ரத்தத்தை உறையவிடாமல் செய்பவை. தின்ற சில நாள் கழித்தே அறிகுறி தெரியும்: காதும் பாதமும் வெளுக்கும், ரத்தம் கசியும். அதற்கு வைட்டமின் கே1 என்ற முறிமருந்து உண்டு. எலிமருந்துப் பொட்டலம் கிடைத்தால் அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

வலியை எலியின் முகத்திலேயே படிக்கலாம். 2011-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு அதற்கென ஓர் அளவுகோலை வெளியிட்டது. கண் பாதி மூடியிருக்கும்; மூக்குக்கும் கன்னத்துக்கும் இடையிலுள்ள மேடு தட்டையாகும்; காது சுருண்டு விலகும்; மீசை விறைக்கும். தினமும் அந்த முகத்தைப் பார்த்துப் பழகியவருக்கு இந்த மாற்றம் சட்டென்று பிடிபடும். வாரம் ஒருமுறை சமையல் தராசில் நிறுத்து எடையைக் குறித்துவைப்பதும் பெரிய உதவி. பசி குறைந்ததை நாம் உணரும் முன்பே எடை இறங்கியிருக்கும்.

ஆய்வுக்கூடங்களில் எலிகளை 20 முதல் 26 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிறார்கள். பாலிக் புலாவின் பகல் 30-ஐத் தாண்டும். எலிக்கு உடம்பு வியர்க்காது, நாயைப் போல் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கவும் தெரியாது. வெப்பத்தில் கணிசமான பங்கை வால் வழியாக வெளியேற்றுகிறது. வெயிலில் துவண்டு கிடந்தால் வாலையும் பாதங்களையும் குளிர்ந்த நீரால் நனையுங்கள். ஐஸ் வைக்கவே கூடாது.

ஊரில் எலி பார்க்கும் மருத்துவர் இல்லையென்றால் ஜாலான் துன் சார்டோன் வளைவுகளில் ஏறி இறங்கி மலைக்கு அந்தப் பக்கம்தான் போகவேண்டும். கிளம்புமுன் போன் போட்டு, எலிக்கு வைத்தியம் பார்ப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூச்சுவிடும் விதத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள், மருத்துவரின் மேசைமேல் வைத்ததும் எலி நோயை மறுபடியும் மறைக்கப் பார்க்கும். நீர்ச்சத்துக்கு வெள்ளரித் துண்டு போதும். பழகிய துணை எலியையும் கூடவே கொண்டுபோனால் பயணத்தின் பயம் குறையும். அறுவை சிகிச்சை என்று சொன்னால், நாய் பூனைக்குப் போல் இரவெல்லாம் பட்டினி போடாதீர்கள். எலியால் வாந்தியெடுக்க முடியாது என்பதால் அந்தப் பட்டினிக்குத் தேவையே இல்லை. சின்ன உடம்பில் சர்க்கரைதான் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.