நீரிழிவும் சமுதாயமும்: ஒரு நோயின் வர்க்க முகம்

நோய்க்கு மக்கள் இடும் பெயர் அந்நோய் பற்றிய அவர்களது அறிவையும் அறியாமையையும் ஒருங்கே காட்டுவது. இன்று உலகெங்கும் வழங்கும் கிரேக்கப் பெயர் 'ஊடே கடந்து செல்லுதல்' என்னும் கருத்தினது. தமிழில் 'நீரிழிவு' என்கின்றோம். இங்கு இழிவு என்பது தாழ்மையன்று. மலையினின்று அருவி இழிகின்றது எனும்போது வருகின்ற அதே வினையடியாகப் பிறந்த சொல் அது. நோயாளி ஓயாது சிறுநீர் கழிப்பதையே கிரேக்கரும் தமிழரும் தனித்தனியே கண்டு பெயரிட்டனர். வடமொழியாளரின் 'மதுமேகம்' அந்நீரின் இனிப்பைச் சுட்டியது. யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலுள்ள 'சீனி வருத்தம்' அதையே எளிமையாகச் சொல்கின்றது. இவையெல்லாம் நோயின் அடையாளங்களைக் கூறும் பெயர்கள். ஆனால் நம்மிடையே நெடுங்காலம் வழங்கிய பிறிதொரு பெயருமுண்டு: 'பணக்கார வருத்தம்'. இது அடையாளத்தைக் கூறவில்லை. காரணத்தைக் கூற முயல்கின்றது. அவ்வகையில் இது ஒரு சமூகவியற் கோட்பாடு எனலாம். ஒரு காலத்தில் அதிற் பாதியுண்மை இருந்தது. இன்று அது முற்றிலும் பொய்த்துவிட்டது. பொய்த்த பின்னரும் அது வழக்கொழியாதிருப்பதுதான் ஆராயத்தக்கது.

முதலில் உடலினுள் நிகழ்வதை நோக்குவோம். நாம் உண்ணும் சோறும் பாணும் பிட்டும் குடலிற் சமிபாடடைந்து குளுக்கோசாகிக் குருதியிற் கலக்கின்றன. அது தசைக் கலங்களினுள்ளும் கொழுப்புக் கலங்களினுள்ளும் புகுவதற்கு இன்சுலின் என்னும் ஓமோன் வேண்டும். சதையியின் இலங்ககான் சிறுதீவுகளே அதனைச் சுரக்கின்றன. சதையியை அகற்றிய நாய்க்கு நீரிழிவு உண்டாவதை 1889இல் வொன் மேரிங்கும் மின்கோவ்ஸ்கியும் ஸ்ராஸ்பேர்க்கிற் கண்டனர். உடலின் காப்புத் தொகுதியே அச்சிறுதீவுகளின் கலங்களைத் தாக்கியழிப்பதனால் இன்சுலின் அற்றுப்போவது முதலாம் வகை நீரிழிவு. பெரும்பாலும் இளவயதிலேயே தோன்றும். இன்சுலின் சுரந்தும் கலங்கள் அதற்கு உரியவாறு செவிசாய்க்காதிருப்பதும், காலப்போக்கிற் சுரப்பும் குன்றுவதும் இரண்டாம் வகை. நோயாளரில் மிகப்பெரும்பான்மையோர் இவ்வகையினரே.

குருதியில் மிகுந்துவிட்ட குளுக்கோசு நோவைத் தருவதில்லை. இந்நோயின் கொடுமை அதன் மௌனத்திலேயே உள்ளது. ஆண்டுக்கணக்கில் அது நுண்ணிய குருதிக் குழாய்களைச் சிதைக்கின்றது. விழித்திரையிற் பார்வை மங்குகின்றது. சிறுநீரகத்தின் வடிகட்டும் ஆற்றல் குறைகின்றது. பாதத்து நரம்புகள் உணர்ச்சியை இழக்கின்றன. பெருங்குழாய்கள் தடித்துக் குறுகுவதால் மாரடைப்பும் பாரிசவாதமும் நேர்கின்றன. காசநோய் தொற்றும் வாய்ப்பும் இரண்டு மூன்று மடங்காகின்றது. உணர்ச்சியற்ற பாதத்தை எண்ணிப் பாருங்கள். வயலில் வெறுங்காலுடன் நிற்பவனுக்கு முள் தைத்தது தெரிவதில்லை. தெரிந்தபின்னும் ஒரு நாட் கூலியை இழந்து மருத்துவமனைக்குச் செல்ல மனம் வருவதில்லை. புண் புரையோடிய பின்னரே அவன் அங்கு வருகின்றான். சிலவேளை காலை இழந்தே திரும்புகின்றான். அலுவலகத்திற் சப்பாத்தணிந்து அமர்ந்திருப்பவனுக்கும் அதே நோய் இருக்கலாம். அவனுடைய கால் பெரும்பாலும் தப்பிவிடுகின்றது.

இது வெறும் உணர்ச்சிக் கூற்றன்று. முதலாம் வகை நோயாளரை ஆராய்ந்து 1993இல் வெளிவந்த அமெரிக்க–கனேடிய ஆய்வும், இரண்டாம் வகை நோயாளரை ஆராய்ந்து 1998இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வும், குருதிக் குளுக்கோசைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பின் விழி, சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் சிதைவைக் கணிசமாகக் குறைக்கலாம் என நிறுவின. அதாவது, குருடும் முடமும் இந்நோயின் தவிர்க்கவியலா விதியல்ல. அவ்வாறாயின், தவிர்க்கக்கூடியது யாருக்குத் தவிர்கின்றது, யாருக்குத் தவிரவில்லை என்ற வினா எழுகின்றது. மருத்துவம் இவ்வினாவுக்குத் தனித்து விடைகூற இயலாது.

'பணக்கார வருத்தம்' என்ற கோட்பாட்டைப் புள்ளிவிவரங்களே தகர்த்துவிட்டன. சர்வதேச நீரிழிவுச் சம்மேளனத்தின் கணிப்பின்படி 2024இல் உலகில் ஏறத்தாழ 58 கோடியே 90 இலட்சம் வளர்ந்தோர் இந்நோயுடன் வாழ்ந்தனர். ஐவரில் நால்வர் தாழ்ந்த, நடுத்தர வருமான நாட்டினர். இலங்கையில் 2005–2006இல் நடந்த தேசிய ஆய்வு, இருபது வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 10.3 பேருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. நகரில் 16.4, கிராமத்தில் 8.7. அவர்களுள் மூன்றிலொரு பங்கினருக்கு மேற்பட்டோர் தமக்கு நோயுள்ளதையே அறியாதிருந்தனர்.

தென்னாபிரிக்காவின் நேற்றால் இங்கு நினைவுகூரத்தக்கது. 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழரும் தெலுங்கரும் அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நூறாண்டுகளின் பின் டேபன் நகரில் மருத்துவர் கம்பெல் நோயாளரை ஆராய்ந்தபோது, அக்கூலிகளின் வழித்தோன்றல்களிடையே நீரிழிவு மலிந்திருக்கக் கண்டார். கரும்பு வெட்டும் சூலூத் தொழிலாளரோ நாள்முழுதும் கரும்பைச் சவைத்தும் இந்நோயை அரிதாகவே அடைந்தனர். நகரில் வாழ்ந்த அவர்களது இனத்தவர்க்கு அது வந்தது. சுத்திகரித்த சீனி ஒன்றையே கம்பெல் முழுமுதற் காரணமாக்கினார். அது மிகையென்பதே என் கருத்து. எனினும் அவர் கண்ட காட்சி வேறொன்றையும் உணர்த்துகின்றது. உணவை அது உண்ணப்படும் வாழ்க்கை முறையிலிருந்தும், வாழ்க்கை முறையை அதனை நிர்ணயிக்கும் உழைப்பிலிருந்தும் பிரித்து நோக்க முடியாது.

இதனினும் நுட்பமான ஒரு தொடர்பை 1992இல் ஹேல்சும் பாக்கரும் எடுத்துக்காட்டினர். கருவிலே போதிய ஊட்டம் பெறாது எடை குறைந்து பிறக்கும் குழந்தை, பிற்காலத்தில் உணவு மிகுந்த சூழலை அடையுமாயின் நீரிழிவுக்கு இலக்காகும் வாய்ப்பு அதிகம் என்பது அவர்களது கருதுகோள். 1944–45இன் ஒல்லாந்துப் பஞ்சத்திற் கருவிலிருந்தோரை ஐம்பதாண்டுகளின் பின் சோதித்தபோது அவர்களது உடல் குளுக்கோசைத் தாங்கும் திறன் குன்றியிருந்தது. பசி தன் கணக்கை ஒரு தலைமுறைக்குள் முடித்துக்கொள்வதில்லை. எடை குறைந்த பிறப்புகள் நகரையும் கிராமத்தையும்விட மலையகத் தோட்டங்களிலே மிகுதியாயுள்ள எமது நாட்டில் இவ்வுண்மை தனிக்கவனத்துக்குரியது. அக்குழந்தைகள் வளர்ந்து கொழும்பின் கடைகளிலும் வீடுகளிலும் வேலைக்கமர்ந்து, மலிவான கோதுமை மாவையும் சீனி மிகுந்த தேநீரையும் உணவாகக் கொள்ளும்போது நேர்வதை 'நாவடக்கமின்மை' என்று அறிவுரைத் துண்டுப் பிரசுரங்கள் கூறுவது எவ்வளவு வசதியான விளக்கம்!

இனி மருந்து. 1922ஆம் ஆண்டு தை மாதம் ரொறன்ரோவில் பதினான்கு வயதுச் சிறுவன் லெனாட் தொம்சனுக்கு இன்சுலின் ஏற்றப்பட்டது. முதல் ஊசி போதிய பயன் தரவில்லை. கொலிப் தூய்மைப்படுத்திய சாறு பன்னிரு நாட்களின் பின் செலுத்தப்பட்டபோது அவன் தேறினான். அதுவரை முதலாம் வகை நோய் கண்ட பிள்ளைக்கு மரணமொன்றே முடிவாயிருந்தது. பன்ரிங்கும் பெஸ்ற்றும் கொலிப்பும் ஆக்கவுரிமையை ஆளுக்கொரு டொலருக்கு ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திடம் கையளித்தனர். எவரும் அதனை ஏகபோகமாக்கலாகாது என்பதே நோக்கம். நடந்ததோ வேறு. இன்று உலக இன்சுலின் சந்தையின் மிகப்பெரும் பங்கு மூன்று பல்தேசியக் கம்பனிகளின் கையிலுள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் 1996இல் ஏறத்தாழ 21 டொலர் விலை குறிக்கப்பட்ட ஒருவகை இன்சுலின் குப்பி, 2010களின் இறுதியில் 270 டொலரைத் தாண்டியது. பொதுமக்களின் எதிர்ப்பு வலுத்தபின் 2023இலேயே விலை வெட்டப்பட்டது. ஒரு நோயாளிக்கு ஓராண்டுக்கு வேண்டிய மனித இன்சுலினை நியாயமான இலாபத்துடன் 48 முதல் 71 டொலருக்கு வழங்கலாம் என 2018இல் ஓர் ஆய்வு கணித்திருந்தது. உயிர்காக்கும் பொருள் பண்டமாகும்போது அதன் பயன்பெறுமதியும் பரிவர்த்தனைப் பெறுமதியும் எத்துணை தூரம் விலகிச் செல்லும் என்பதற்கு இதனினும் தெளிவான பாடப்புத்தக உதாரணம் கிடைப்பதரிது.

சோசலிச நாடுகளின் சாதனைகளைப் பேசுவோர் 1965இல் சீன விஞ்ஞானிகள் இன்சுலினைச் செயற்கையாகத் தொகுத்ததைக் குறிப்பிடுவதுண்டு. அது மகத்தான விஞ்ஞான வெற்றியே. ஆயினும் அம்முறையின் செலவு மிகப் பெரிது. நோயாளியின் கைக்கு வந்தது தொடர்ந்தும் மாட்டினதும் பன்றியினதும் சதையியிலிருந்து பெறப்பட்ட இன்சுலின்தான். ஆய்வுகூட வெற்றியை விநியோக வெற்றியாகக் கொள்ளலாகாது.

விநியோகம் பற்றி எண்ணுவோர்க்கு எமது நாட்டிலேயே முன்னுதாரணமொன்று உண்டு. பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக விளங்கிய பேராசிரியர் சேனக பிபிலேயும், மருத்துவரும் கம்யூனிஸ்ட் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் சமர்ப்பித்த அறிக்கையின் அடியாக அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் இயங்கத் தொடங்கியது. வணிகப் பெயர்களை விடுத்து மருந்தின் பொதுப்பெயரால் உலகளாவிய கேள்விப்பத்திரம் கோரியபோது, அதே மூலப்பொருட்கள் பல மடங்கு குறைந்த விலையிற் கிடைத்தன. நீரிழிவு மாத்திரைகளுக்கான தொல்பியூற்றமைட்டும் குளோர்புறொப்பமைட்டும் அவற்றுள் அடங்கும். கம்பனிகள் இதனை விரும்பவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. 1977இல் ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் புகுந்ததும் தனியார் இறக்குமதிக்குக் கதவு மீண்டும் அகலத் திறந்தது. அவ்வாண்டிலேயே பிபிலே கயானாவிற் காலமானார்.

இலவச மருத்துவசேவை எஞ்சியிருந்தமையால் நீரிழிவாளர் மாதாந்தம் அரசாங்க ஆஸ்பத்திரியின் கிளினிக்குக்குச் சென்று மருந்து பெறுவது இன்றும் இயல்கின்றது. ஆயின் கிளினிக் நாளென்பது நாட்கூலித் தொழிலாளிக்குச் சம்பளமற்ற நாள். 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது ஆஸ்பத்திரிகளில் மருந்துகள் தட்டுப்பட்டன; வெளியே வாங்கும்படி எழுதிக் கொடுக்கப்பட்ட சீட்டு, வாங்கக்கூடியவனையும் வாங்கவியலாதவனையும் வரிசையிலேயே பிரித்துவிட்டது.

வடக்கில் இப்பிரிப்பு அதற்கு முன்னரே வேறொரு வடிவில் நிகழ்ந்ததுண்டு. 1990களிற் பொருளாதாரத் தடையும் மின்வெட்டும் யாழ்ப்பாணத்தைச் சூழ்ந்திருந்தபோது, குளிரிற் பேணவேண்டிய இன்சுலினையே நம்பியிருந்தோர் எவ்வாறு வாழ்ந்தனர், எவ்வாறு மாண்டனர் என்பதைப் போர்க்காலப் புனைகதைகளிலும் நினைவுக் குறிப்புகளிலும் தேடித் தொகுக்கவேண்டும். அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.