தித்திக்கிறது வேறே, திகட்டுறது வேறே

எனக்கு முன்னாலே பேசின தம்பி, "இனிப்பு அதிகமானா திகட்டும்"னு ஒரே வரியிலே முடிச்சுட்டுப் போயிட்டார். அவ்வளவு லேசா விட்டுடக்கூடிய சொல் இல்லீங்க அது.

மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் "திகட்டறது" என்பார்கள். இன்னொரு தெருவிலே "தெவட்டுது" என்பார்கள். ஏட்டுத் தமிழிலே "தெவிட்டு". சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைப் புரட்டினால், தெவிட்டுதலுக்கு நிறைதல் என்றும் பொருள் இருக்கும். முதல்லே நிறையுது, அப்புறம்தான் வெறுக்குது!

"பாயசத்திலே இனிப்பு ஜாஸ்தி" என்றால் அது சமைத்தவர் மேலே புகார். "எனக்குத் திகட்டுது" என்றால் அது என்னைப் பற்றிய சேதி. எனக்குப் பசிக்குது, எனக்கு வலிக்குது என்கிற மாதிரி. பாயசம் அதே பாயசம்தான். முதல் டம்ளரிலே தித்திச்சது, மூணாவதிலே திகட்டுது.

1981-லே ஆக்ஸ்ஃபோர்டிலே பார்பரா ரோல்ஸ் குழுவினர் இதைச் சோதித்து எழுதினார்கள். ஒரு பண்டத்தைத் தின்னத் தின்ன அதன் மேலே ஆசை குறையும். வேறே பண்டத்தின் மேலே அவ்வளவாகக் குறையாது. தி.நகர் கல்யாண மண்டபத்திலே பாயசத்தோடு அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கிறாரே நம்ம ஆள், அவருக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தா? பெண் பார்க்க வந்தவங்களுக்குக் கேசரி மட்டுமா வைக்கிறோம்? பக்கத்திலே பஜ்ஜி! நெய் சொட்டுற மைசூர்பாவும் திகட்டும். காரம் எரியும், புளிப்பு பல்லைக் கூசும். திகட்டுதுன்னு சொல்ல மாட்டோம்.

அடையாறிலே எனக்கு ஒரு பெரியம்மா. சர்க்கரை வியாதி. விருந்திலே "வேண்டாம்"னா யார் விடறாங்க? உபசாரத்துக்குச் சொல்றாங்கன்னு நினைச்சு இன்னும் ஒரு கரண்டி விழும். "திகட்டுதும்மா"ன்னு சொன்னால்தான் கரண்டி நிற்கும். சமைச்சவளுக்கும் வருத்தமில்லே, வியாதியையும் சபையிலே சொல்ல வேண்டியதில்லே. இத்தனை வருஷமா அவங்களைக் காப்பாத்தினது இந்த ஒரு சொல்தான்.

போன தீபாவளிக்குப் பேத்தி ஜாங்கிரி வெச்சாள். "திகட்டுதுடி"ன்னாங்க பெரியம்மா. "அப்படின்னா? ஓவர் ஸ்வீட்டா பாட்டி? அடுத்த தடவை சர்க்கரையைக் குறைச்சுடறேன், இப்போ இதைச் சாப்பிடுங்க"ங்கிறாள் அது!

பெரியம்மா தட்டைப் பார்க்கிறாங்க, என்னைப் பார்க்கிறாங்க. நான் அந்த ஜாங்கிரியை எடுத்து என் தட்டிலே போட்டுக்கிட்டேன். எனக்கு அது நாலாவது.